பவழத் தீவுகளும் கடல் மட்டமும்

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே வழுதாவூர் என்றோர் ஊர் இருக்கின்றது. கருநாடகப் போர்களின் வரலாற்றைப் படித்த மாணவர்கள் அப்பெயரை ஒருமுறையேனும் கண்டிருப்பர். ஆனால் உலகத்து நிலவியல் நூல்களில் அவ்வூருக்கு இடம் கிடைத்தது போரினால் அன்று; மண்ணுக்குள் கிடக்கும் சிப்பிகளினால். சென்னை மாகாண அரசில் அலுவல் பார்த்த கேய் என்னும் ஆங்கிலேயரும், அவருடைய நண்பர் கன்லிஃப் என்பவரும், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரிக்கு மேற்கிலும், விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலும் கல்லாகிப்போன கடலுயிர்களைத் திரட்டினார்கள். அவை கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடுகளும், இன்று உலகில் எங்குமே உயிரோடு இல்லாத சிப்பி வகைகளும் அவற்றுள் இருந்தன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வழுதாவூர் கடலின் அடியில் இருந்தது என்பது அதனால் விளங்கிற்று. இன்றும் நிலவியலார் அந்தப் பாறை அடுக்கை வழுதாவூர் என்ற பெயராலேயே வழங்குகின்றனர்.

அங்கிருந்து சில கல் தொலைவில், திண்டிவனத்துக்குத் தெற்கே, திருவக்கரை உள்ளது. வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் கிடப்பவை சிப்பிகள் அல்ல, அடிமரங்கள். கல்லாகிவிட்ட மரங்கள். ஆற்று வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்த அம்மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்பர். ஓரிடத்தில் கடலின் சிப்பி, பக்கத்திலேயே காட்டின் மரம். அப்படியானால் கடல் இங்கே வந்தது, பிறகு அகன்றது என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. கடல் ஏறி வந்ததா, நிலம் தாழ்ந்து போனதா?

மாணவர்களே, விழுப்புரம் சந்திப்பில் அருகருகே இரண்டு இரயில்கள் நிற்கும்போது அவற்றுள் ஒன்றில் அமர்ந்து பாருங்கள். அடுத்த வண்டி நகரத் தொடங்கினால், நம் வண்டி நகர்வது போலவே தோன்றும். எது நகர்ந்தது என்று அறிய நடைமேடையைப் பார்க்கவேண்டும். கடலுக்கும் நிலத்துக்கும் நடைமேடை ஏது? சிப்பி ஆழத்திலும் வாழும், கரையிலும் வாழும். அது கிடந்த இடத்தில் கடல் இருந்தது என்று சொல்லுமேயன்றி, கடலின் மேற்பரப்பு எந்த உயரத்தில் இருந்தது என்று திருத்தமாகச் சொல்லாது. அதைச் சொல்லவேண்டுமானால், நீரின் மேல்மட்டத்தை ஒட்டியே வாழ்ந்து, அங்கேயே தன் எலும்பை விட்டுச் செல்லும் ஓர் உயிர் வேண்டும். அவ்வுயிர் பவழம்.

நவமணிகளுள் ஒன்றாக நாம் போற்றும் செம்பவழம் வேறு. நான் பேசப்போகும் பவழம் வேறு. அது அணிகலன் ஆவது. மத்தியதரைக் கடல் போன்ற கடல்களின் ஆழத்தில் கிடைப்பது. இது பாறை கட்டுவது. இராமேசுவரத்துப் பகுதியிலும் ஈழத்திலும் முருகைக்கல் என்று மக்கள் சொல்வது இதனைத்தான். பழைய பாடநூல்கள் இதனைப் பவழப் பூச்சி என்று எழுதின. உண்மையில் இது பூச்சியன்று. கடலில் மிதந்து வந்து உடம்பில் பட்டால் அரிப்பை உண்டாக்கும் சொறிமுட்டைக்கு உறவுடைய ஒரு மெல்லுடல் உயிர். வாயைச் சுற்றிச் சிறு கைகள் உண்டு. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன் அடியில் ஒரு கிண்ணம் போல் கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒட்டிச் சேர்ந்தால் ஒரு பவழக் கொத்து. இவ்வுயிரின் உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக்கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் பங்கு தருகின்றன. இந்தப் பங்காளிதான் கதைக்கே உயிர்நாடி. வெயில் புகாத ஆழத்தில் பாசி வாழாது. பாசி இல்லையேல் பாறை கட்டும் அளவுக்குப் பவழம் வளராது. ஆகவே ஏறத்தாழ 150 அடிக்குக் கீழே பெரும்பாறை எழுவதில்லை. மேலேயோ, வற்றுநீர் மட்டத்துக்கு மேல் நீண்ட நேரம் வெயிலில் நின்றால் பவழம் செத்துவிடும். மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை. இடைப்பட்ட அந்தக் குறுகிய அறையில்தான் அதன் வாழ்வு.

மரக்காணத்துக் கடலில் இப்படிப்பட்ட பாறை ஏன் இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. பவழத்துக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும். அது இங்கே உண்டு. தெளிந்த நீரும் உறுதியான அடித்தளமும் வேண்டும். அவை இங்கே இல்லை. வங்கக் கடலில் ஆறுகள் கொட்டும் வண்டலும், ஓயாமல் இடம் மாறும் மணலும் பவழத்தின் வாயை அடைத்துவிடும். தமிழ்நாட்டில் பவழப் பாறையைக் காண விரும்புவோர் தெற்கே பாக்கு விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும்தான் செல்லவேண்டும்.

ஆனால் பழங்காலத்தில் நம் பக்கத்திலும் பவழம் பாறை கட்டியதுண்டு. திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே கல்லக்குடியில், டால்மியாபுரம் என்ற பெயரால் சிமெண்டுத் தொழில் வளர்ந்த இடத்தில், வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் பவழமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து கட்டியது. 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்பகுதிகளை அளந்து படம் வரைந்த நிலவியல் துறையினர் பிளான்ஃபோர்டு, 1862-ஆம் ஆண்டு அறிக்கையில் இக்கல்லைப் பவழப் பாறைச் சுண்ணாம்புக்கல் என்றே குறித்தார். தென்னிந்தியாவின் கல்லான பவழங்களை ஒன்றொன்றாக வகைப்படுத்தி 1873-இல் நூல் எழுதியவர் ஸ்டோலிச்கா. மொராவியா நாட்டில் பிறந்து, இந்திய நிலவியல் துறையில் பணியாற்றி, மறு ஆண்டே இமயத்துக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் மலைநோயால் இறந்தார். அரியலூர்ச் சிப்பிகளை இன்று கையில் எடுக்கும் மாணவர் எவரும் அவர் எழுதியதைத் தாண்டிச் செல்ல இயலாது.

இனி, பவழத்தைச் சாட்சியாக வைத்து முதலில் வழக்காடியவரைப் பார்ப்போம். அவர் சார்லசு டார்வின்.

1835-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அப்போது அங்கே இருந்த டார்வின், நீரில் ஒட்டிக்கிடந்த சிப்பிகள் கரையோடு சேர்ந்து நீருக்கு மேலே தூக்கப்பட்டு அழுகிக் கிடந்ததைக் கண்டார். நிலம் ஓரிடத்தில் எழும்பினால், வேறோரிடத்தில் தாழத்தான் வேண்டும் என்று எண்ணினார். எண்ணியவர் பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள வளையத் தீவுகளை நினைத்தார். வியப்பு என்னவென்றால், உண்மையான பவழப் பாறை ஒன்றையும் கண்ணால் காண்பதற்கு முன்பே அவர் தம் கொள்கையை உருவாக்கிவிட்டார். 1836 ஏப்ரலில், 27 வயதில், இந்துமாக் கடலின் கோகோஸ் தீவுகளில் இறங்கியபோது அவர் செய்தது சரிபார்க்கும் வேலை. 1842-இல் நூல் வெளிவந்தது.

அவர் கொள்கையை நம் ஊர்க் காட்சியைக்கொண்டு விளக்குகின்றேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்வோர் செஞ்சிக் கோட்டையைக் காணாமல் போக இயலாது. இராசகிரிக் குன்று தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கின்றது. அதனைச் சுற்றிலும் தெளிந்த வெப்பக் கடல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் அடிவாரத்தில், நீர்மட்டத்தை ஒட்டி, இடுப்பில் கட்டிய அரைஞாண் போலப் பவழம் படியும். இது கரையொட்டிய பாறை. இனிக் குன்று மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கட்டும். பவழமும் கூடவே இறங்கும். ஆனால் உயிருள்ள பவழம் ஒளியை நாடி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகும். குன்றோ மேலே போகப் போகக் குறுகுவது. ஆதலால் பாறைக்கும் குன்றின் சரிவுக்கும் இடையே நீர் புகுந்து கால்வாய் உண்டாகும். இது தடுப்புப் பாறை. இறுதியில் கோட்டையின் உச்சிக் கோயிலும் நீருக்குள் போய்விட்டால் மிஞ்சுவது என்ன? வெறும் வளையம். நடுவே ஆழமற்ற காயல், வெளியே ஆழ்கடல். அதுவே வட்டப் பவழத்தீவு. மாலைத்தீவு மக்கள் இதற்கு வைத்த பெயர்தான் ஆங்கிலத்தில் அட்டோல் என்றாயிற்று. ஏரியின் கரை மட்டும் மிஞ்சி, ஏரிக்கு வெளியிலும் தண்ணீராயிருந்தால் எப்படியிருக்கும், அப்படி.

கொள்கை அழகானது. அழகாயிருப்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று கருதியவர்களும் இருந்தார்கள். 'சேலஞ்சர்' கப்பலில் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்து வந்த ஜான் மர்ரே, நிலம் தாழவேண்டியதில்லை என்றார். கடலடியில் உள்ள மேடுகளின்மேல் நுண்ணுயிர் ஓடுகள் மழைபோல் பெய்து படிந்து மேடு உயர, அதன்மேல் பவழம் குடியேறுகின்றது. நடுப்பகுதி கரைந்து காயலாகின்றது என்பது அவர் வாதம். அமெரிக்க அறிஞர் அலெக்சாந்தர் அகாசி அவர் பக்கம் நின்று, மாலைத்தீவு உட்படத் தீவு தீவாகச் சுற்றினார். டார்வினோ 1881-இல் அகாசிக்கு எழுதிய கடிதத்தில், பெருஞ்செல்வர் எவரேனும் பணம் செலவிட்டுப் பசிபிக், இந்துமாக் கடல் தீவுகளில் 500, 600 அடி துளையிட்டுப் பார்க்கக்கூடாதா என்று ஏங்கினார். மறு ஆண்டு அவர் மறைந்தார்.

துளை போடப்பட்டது. பசிபிக்கில் உள்ள ஃபூனாஃபூட்டித் தீவில், 1896, 1897, 1898 ஆகிய மூன்று ஆண்டுகள், இலண்டன் அரச கழகத்தின் முயற்சியால் துளையிட்டனர். 1,114 அடி ஆழம் சென்றும் பவழச் சுண்ணாம்பே வந்தது. எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. டார்வின் கட்சியார் வென்றோம் என்றனர். மர்ரே கட்சியார், நீங்கள் துளைத்தது மேலிருந்து உடைந்து சரிந்த கற்குவியலை என்றனர். ஆய்வு முடிந்தது, வழக்கு முடியவில்லை.

அந்நேரத்தில் மூன்றாவது ஒருவர் வந்தார். ரெஜினால்டு டேலி என்பவர் 1909-இல் ஹவாய்த் தீவின் உயர்மலையில் பழைய பனிக்கட்டியாறு உராய்ந்த தடங்களைக் கண்டார். அதே தீவின் கரையில் பவழம் மிக ஒடுங்கிய பட்டையாக, நேற்று முளைத்தது போல் இருப்பதையும் கண்டார். பனியூழிக் காலத்தில் கடல்நீர் பனிக்கட்டியாக நிலத்தின்மீது உறைந்து நின்றதால் கடல் மட்டம் தாழ்ந்திருக்கவேண்டும். பனி உருகியபின் கடல் ஏறியது. ஏறிய கடலோடு பவழமும் ஏறியது என்று 1910-இலும் பிறகு விரிவாக 1915-இலும் எழுதினார். டார்வின் சொன்னது நிலம் தாழ்ந்தது என்று; டேலி சொன்னது கடல் ஏறியது என்று. மறுபடியும் விழுப்புரம் சந்திப்பின் இரண்டு இரயில்கள்!

முதல் தீர்ப்பு 1952-இல் வந்தது. அணுகுண்டுச் சோதனைக்காக அமெரிக்கா எடுத்துக்கொண்ட எனிவெட்டாக் தீவில் இரண்டு ஆழ்துளைகள் இடப்பட்டன. இரண்டிலும் 4,000 அடிக்கும் கீழே சென்றபின் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அதன்மேல் நேராக அமர்ந்திருந்த சுண்ணாம்பு, ஆழமற்ற நீரில் மட்டுமே உண்டாகக்கூடியது. அதன் வயது சுமார் 5 கோடி ஆண்டு. கடல் மட்டம் 4,000 அடி ஏறியதாக எவரும் சொல்ல முடியாது. ஆகவே மலைதான் தாழ்ந்தது. பிறந்தபோது வெந்திருந்த எரிமலைத் தரை ஆற ஆறச் சுருங்கி இறங்குகின்றது என்று காரணமும் பின்னர் தெரிந்தது. டார்வினுக்கு வெற்றி.

இந்துமாக் கடலிலும் இதே கதைதான். நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி, மராட்டிய நாட்டின் கருங்கற் படிகளை உண்டாக்கிற்று. அந்த நெருப்பின் ஊற்று பூமியின் ஆழத்தில் ஓரிடத்தில் நிற்க, இந்திய நிலத்தட்டு அதன்மேல் வடக்கு நோக்கி நகர்ந்தது. நகர நகர, தெற்கே இலட்சத்தீவு, மாலைத்தீவு, சாகோசு என்று ஒரு வரிசை எரிமலைகள் எழுந்தன. 1987-இல் கடலடியில் துளையிட்டு எடுத்த பாறைகள், மாலைத்தீவின் அடியிலுள்ளது சுமார் 5 கோடியே 70 இலட்சம் ஆண்டும், சாகோசினடியிலுள்ளது அதனினும் இளையதும் என்று காட்டின. எண்ணெய் தேடி மாலைத்தீவில் துளைத்தவர்கள் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுண்ணாம்பைக் கடந்த பிறகே எரிமலைப் பாறையைத் தொட்டார்கள். அவ்வளவு கனமும் உயிர்கள் கட்டியது.

ஆனால் டேலியும் தோற்கவில்லை. இந்த இடத்தில் மாணவர்கள் கையில் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளவேண்டும். 5 கோடி ஆண்டில் 4,000 அடிக்குச் சற்று மேல் என்றால், ஆயிரம் ஆண்டுக்கு எவ்வளவு? ஏறத்தாழ ஓர் அங்குலம். இராசராசன் காலத்திலிருந்து இன்றுவரை மலை இறங்கியது ஓர் அங்குலம்! இனிக் கடலின் கணக்கைப் பாருங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழி உச்சத்தில் இருந்தபோது கடல் இன்றுள்ளதைவிட 120 மீட்டர், அஃதாவது 390 அடிக்கும் மேல், தாழ்ந்திருந்தது. பாக்கு விரிகுடா அன்று உலர்ந்த நிலம். ஈழத்துக்கு நடந்து போகலாம். மரக்காணத்துக் கடற்கரை பல கல் கிழக்கே இருந்தது. பிறகு பனி உருக, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை கடல் ஏறிக்கொண்டே வந்தது. சராசரியாக ஆயிரம் ஆண்டுக்கு 30 அடி. 14,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு காலத்தில் நூறாண்டில் 12 அடி அளவுக்குக்கூட விரைந்து ஏறிற்று. மலையின் இறக்கம் நத்தை என்றால், கடலின் ஏற்றம் குதிரை.

இவ்வாறு ஒருமுறை அன்று, பலமுறை நிகழ்ந்தது. கடந்த பல இலட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ இலட்சம் ஆண்டுக்கு ஒருமுறை கடல் தாழ்வதும் ஏறுவதுமாக இருந்தது. தாழ்ந்த காலத்தில் பவழப் பாறை நீருக்கு மேலே சுண்ணாம்பு மேடையாக நின்றது. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் மெல்லக் கரைக்கும். விளிம்பில் விழும் நீர் வழிந்தோடிவிடும். நடுவில் விழுவது தேங்கி ஊறி இறங்கும். ஆகவே நடுப்பகுதி அதிகமாகக் கரைந்து தட்டு போலக் குழிந்தது. கடல் திரும்பி வந்தபோது பவழம் உயர்ந்த விளிம்பிலேயே மீண்டும் குடியேறிற்று. மழை மிகுந்த இடங்களில் காயல் ஆழமாகவும், மழை குறைந்த இடங்களில் ஆழம் குறைவாகவும் இருப்பது இதற்குச் சான்று. மாலைத்தீவை ஆராய்ந்த டிராக்ஸ்லர், ஷோரி என்னும் இருவர் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், இன்று நாம் காணும் வளைய வடிவம் பெரும்பாலும் கடந்த 5 இலட்சம் ஆண்டுகளின் கடல் ஏற்றத்தாழ்வால் செதுக்கப்பட்டது என்று வாதிட்டனர். கட்டடத்தின் உயரம் டார்வின் சொன்ன முறையில் வந்தது. அதன் கூரையின் வடிவம் டேலி சுட்டிய கடலால் வந்தது என்பது என் துணிபு. நூறாண்டுச் சண்டையில் இருவரும் வெவ்வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடல் குதிரையாய் ஏறும்போது பவழம் என்ன செய்தது? 1985-இல் நியூமன், மக்கின்டயர் என்னும் இருவர் அதன் நடத்தையை மூன்றாக வகுத்தனர். பள்ளிக்கூடத்தில் 35 ஆண்டு இருந்த எனக்கு அம்மூவரையும் நன்றாகத் தெரியும். ஒருவன் பாடம் நடக்க நடக்கவே கூடப் படித்து வருபவன். சில பாறைகள் கடல் ஏற ஏறக் கூடவே ஏறி எப்போதும் நீர்மட்டத்திலேயே நின்றன. இரண்டாமவன் ஆண்டு முழுவதும் பின்தங்கி, தேர்வு நெருங்கும்போது எட்டிப்பிடிப்பவன். சில பாறைகள் ஆழத்தில் அகப்பட்டுக்கொண்டு, கடல் ஏற்றம் தணிந்தபின் வளர்ந்து மேலே வந்தன. மூன்றாமவன் புத்தகத்தை மூடிவிட்டவன். சாகோசுப் பெருந்திட்டு அத்தகையது. உலகிலேயே பெரிய பவழ வளையம் அது; ஆனால் அதன் விளிம்பில் மிகப் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றது. ஒரு சில சிறு தீவுகளே தலை காட்டுகின்றன. டார்வினே அதனை மூழ்கிய வளையம் என்று தம் நூலில் குறித்துள்ளார்.

பவழக் கிளை வளர்வது வேறு, பாறை வளர்வது வேறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கொம்பு போன்ற பவழம் ஆண்டுக்கு 4 அங்குலம்கூட நீளும். ஆனால் புயல் அதை ஒடிக்கும், கிளிமீன் கடித்து மணலாக்கும், துளைப்பான்கள் அரிக்கும். ஒடிந்தவை இடுக்குகளில் விழ, சுண்ணாம்புப் பாசி அவற்றைப் பூசி இறுக்க, செலவு போக நிற்கும் மிச்சமே பாறையின் உயர்வு. அது நல்ல நிலையில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். மிக நன்றாயிருந்தால் 10 மில்லிமீட்டர். வரவு நின்றால் செலவு மட்டும் நிற்காது. பாறை தேயத் தொடங்கும்.

கடல் தாழ்ந்தால் நேர்வதைக் காண நாம் வேற்று நாட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. இராமேசுவரம் தீவின் வடகரையில், பாக்கு விரிகுடாவை நோக்கிய பக்கத்தில், பவழக் கொத்துகள் வளர்ந்த நிலையிலேயே கல்லாகி, இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே நிற்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டாடர்ட்டும் மண்டபத்தில் பணியாற்றிய கோபிநாத பிள்ளையும் சேர்ந்து 1972-இல் இவற்றைப் பற்றி எழுதினார்கள். இவற்றின் வயது சுமார் 4,000 ஆண்டு. பனி உருகி முடிந்தபின், புதிதாக ஏறிய நீரின் பாரத்தால் கடலடித் தரை சற்றே அழுந்த, நம் பக்கத்துக் கடல் உயர்ந்து நின்ற இடத்திலிருந்து சிறிது இறங்கிற்று என்பது அறிஞர் கொள்கை. கோயிலுக்குச் செல்லும் இலட்சக்கணக்கானோர் அந்தக் கற்களைக் கடந்து போகின்றனர். 1969 சனவரியில் மண்டபம் முகாமில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்திய பவழக் கருத்தரங்கு, உலகப் பவழப் பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக எண்ணப்படுகின்றது. இரண்டாவது, 1973-இல் ஆஸ்திரேலியக் கடலில் ஒரு கப்பலிலேயே நடைபெற்றது. முதற்பெருமை நம் இராமநாதபுரத்துக் கடற்கரைக்கு.

இனி இன்றைய நிலை. இலட்சத்தீவு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 36 தீவுகள், மக்கள் வாழ்வன 10, மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 64,000-க்கு மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். தென்னையும் வீடும் பள்ளிவாசலும் நிற்கும் மண் முழுவதும் பவழப் பொடி. கடலுக்கு மேல் சில மீட்டர் உயரமே. பங்காரம் வளையத்தில் பரளி என்னும் குடியில்லாத சிறு தீவுகளுள் ஒன்று அலையரிப்பால் மறைந்துபோனதாக 2017-இல் ஆய்வாளர் அறிவித்தனர். உலகக் கடல் மட்டம் 1993 முதல் செயற்கைக்கோள்களால் அளக்கப்படுகின்றது. அண்மைப் பத்தாண்டில் அதன் ஏற்றம் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டரைக் கடந்துவிட்டது.

நம் தாளில் உள்ள எண்களைப் பாருங்கள். நல்ல பாறைக்கு 4 மில்லிமீட்டர் பெரிய சுமை அன்று. இதைவிட விரைந்த கடலோடு அது ஓடியிருக்கின்றது. முன்பு துளையிட்ட அதே ஃபூனாஃபூட்டியில், கடல் விரைந்து ஏறிய ஆண்டுகளையும் உள்ளடக்கிய நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில், 29 சிறு தீவுகளின் பரப்பு மொத்தத்தில் குறையவில்லை, 7 விழுக்காடு கூடியிருந்தது என்று 2015-இல் கண்டறிந்தனர். அலை உடைத்த பவழமே கரையில் ஏறித் தீவுக்கு மண் கொடுத்திருக்கின்றது. ஆனால் இக்கணக்கு முழுவதும் பவழம் உயிரோடிருக்கும் என்ற ஒரு வரியின்மேல் நிற்கின்றது. நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடேறிச் சில வாரம் நின்றால், பவழம் தன் பாசிப் பங்காளியை வெளியேற்றி வெண்மையாகிவிடுகின்றது. நீடித்தால் இறக்கின்றது. 1998-இல் இலட்சத்தீவில் பெருமளவில் அவ்வாறு நேர்ந்தது. பிறகு 2010, பிறகு 2016, பிறகு 2024. பட்டுப்போன பாறை மீண்டும் தழைக்கப் பத்தாண்டாவது வேண்டும். இடைவெளியோ 12, 6, 8 ஆண்டு.

மன்னார் வளைகுடாவில் வெப்பத்துக்கு முன்பே மனிதன் கை வைத்துவிட்டான். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் பவழப் பாறையை உடைத்துத் தோணி தோணியாக ஏற்றினார்கள். அலையை வாங்கி உடைத்த சுவர் போனபின் தீவின் மணலைத் தாங்குவது யார்? விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் இருக்கின்றன. 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவதும் படிப்படியாக நின்றது. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்து சிறுத்துவிட்ட வான் தீவைச் சுற்றி, 2015-ஐ ஒட்டிச் சிமெண்டால் செய்த செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள். அங்குள்ள கடல் ஆய்வாளர்கள் உயிருள்ள பவழக் கிளைகளைச் சிறு துண்டுகளாக்கிச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, தீவுகளை ஒட்டிய கடலடியில் நட்டு வருகின்றனர். நாற்று நடும் பருவம் அங்கேயும் உண்டு. கோடைச் சூடு தணிந்து, நீர் தெளிந்திருக்கும் காலம் பார்த்தே நடுகின்றார்கள்.